அம்மாவின் புற்றுநோய் அவர் சுமக்க வேண்டிய சிலுவையா?

சகோதரி, கடைசியில் நீங்கள் கேட்டிருப்பது ஒரே வரி: "கிறிஸ்தவ வாழ்க்கையில் பாடுகளுக்கு என்ன இடம்?" ஆனால் அதற்கு முன்னால் எழுதியிருக்கும் பத்து வரிகளில்தான் கேள்வி இருக்கிறது. 58 வயது அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், நாலாவது கீமோ முடிந்திருக்கிறது. ஜெபிக்க வந்த ஒருவர், இந்த வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தவர், இது கர்த்தர் கொடுத்த சிலுவை, முறுமுறுக்காமல் சுமக்க வேண்டும் என்றார். அம்மா இரண்டையுமே நம்பிவிட்டார்கள், இப்போது வலி மாத்திரையைக்கூட வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் கடவுள் அம்மாமேல் கோபமாக இருக்கிறாரா, இந்த வியாதி போய்த் தொலையட்டும் என்று நான் ராத்திரி அழுது கேட்பது அவர் சித்தத்துக்கு விரோதமா? நீங்கள் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன், இதற்கே பதில் சொல்கிறேன்.

நான் இறையியல் கல்லூரியில் 4 வருடம் படித்தவன், அப்புறம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 17 வருடம் போதகராக இருந்தேன். நோயாளிகள் "ஆஸ்பத்திரி ஐயரு" என்பார்கள். மருத்துவன் இல்லை, அதனால் சிகிச்சை பற்றி உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. வேதத்தைப் பற்றியும், வியாதிப் படுக்கையின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்ததைப் பற்றியும் மட்டும்தான் நான் பேச முடியும்.

முதலாவது, அந்த மறைவான பாவம். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது, அது தப்பு. சீஷர்கள் பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்து, "இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று கேட்டார்கள். நம் தெருவில் யாருக்காவது பெரிய வியாதி வந்தால் கேட்கிற அதே கேள்விதான். இயேசு இரண்டையும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் இடிந்து செத்த 18 பேரைப் பற்றிப் பேச்சு வந்தபோதும், அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்றார். "வினை விதைத்தவன் வினை அறுப்பான்" என்று நாம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே வாக்கியம் வேதத்திலும் இருக்கிறது: "அநியாயத்தை உழுது, தீவினையை விதைத்தவர்கள், அதையே அறுக்கிறார்கள்." யோபு 4-ஆம் அதிகாரம். யார் சொன்னது என்று பாருங்கள், எலிப்பாஸ், பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதன். புத்தகத்தின் முடிவில் கர்த்தர் அந்த எலிப்பாசைப் பார்த்துத்தான், "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று கோபப்படுகிறார். உங்கள் கதையில் கர்த்தர் யார்மேலாவது கோபமாக இருக்கிறார் என்றால், அது படுத்திருக்கிறவர்மேல் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இருக்கிறது.

இதற்கு எதிராகக் காட்டக்கூடிய வசனங்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பெதஸ்தா குளத்தருகே சுகமானவனிடம் இயேசு, அதிகக் கேடானது வராதபடிக்கு இனிப் பாவம் செய்யாதே என்றார். மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான் என்று பவுலும் எழுதுகிறார். விதைத்தது முளைக்கும் என்பது உண்மைதான். இருபது வருடம் குடித்தவருடைய ஈரல் கெட்டுப்போவதற்குக் காரணம் தேடி மலைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் விதையிலிருந்து பயிருக்குப் போகிற இந்த வழியில், பயிரைப் பார்த்து விதைக்குத் திரும்பிப் போக முடியாது. வியாதியைக் கண்டு, பின்னாலே போய்ப் பாவத்தைக் கண்டுபிடிக்கும் அதிகாரத்தை வேதம் எந்த ஊழியருக்கும் கொடுக்கவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் செய்தது அதைத்தான். அவர்கள் வந்த புதிதில் ஏழு நாள் ராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த உருப்படியான ஊழியம், வாயைத் திறந்ததும் எல்லாம் கெட்டது.

இரண்டாவது, சிலுவை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பார்க்க பக்தியாக இருக்கிறது, அதனால் முதலாவதைவிட ஆழமாக இறங்கிவிடும். நம் பேச்சுத் தமிழில் சிலுவை என்றால் எந்தக் கஷ்டமும் சிலுவைதான். குடிகார மருமகன் ஒரு சிலுவை, மூட்டுவலி ஒரு சிலுவை. முதல் நூற்றாண்டில் அந்த வார்த்தையைக் கேட்டவர்களுக்கு அப்படி இல்லை. சிலுவை என்பது ரோம அரசாங்கத்தின் மரண தண்டனைக் கருவி. தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றட்டும் என்று இயேசு சொன்னபோது, என் பின்னால் வந்தால் இதுவும் நடக்கலாம், தெரிந்தே வா என்று அர்த்தம். வேண்டாம் என்று விட்டுவிடவும் முடிகிற ஒன்றைத்தான் எடுத்துக்கொள் என்று சொல்ல முடியும். புதிய ஏற்பாட்டில் பாடு, உபத்திரவம் என்று வரும் இடங்களைத் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள், பெரும்பாலும் அது அடி, சிறை, அவமானம், சொத்து பறிபோவது, அதாவது விசுவாசத்தினால் வருவது. சந்தோஷப்படுங்கள், களிகூருங்கள் என்று பேதுருவும் மற்றவர்களும் சொல்வது அனேகமாக இந்தப் பாடுகளைக் குறித்து. புற்றுநோயைக் குறித்து யாரும் அப்படிச் சொல்லவில்லை.

வித்தியாசம் புரிய நம் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்கிறேன். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசில் பத்மநாபபுரத்தில் வேலை பார்த்தவர். ஆடுமாடு செத்து, பயிர் நஷ்டமாகி மனம் உடைந்து இருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்பு ராஜாவின் படைத்தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது கத்தோலிக்கர் வழிவழியாகச் சொல்லிவருவது. அதில் தொடங்கி 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைது, மூன்று வருடத்துக்குமேல் சித்திரவதை, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அந்த ஒரு வாழ்க்கையிலேயே இரண்டு விதமான துன்பம் இருக்கிறதைக் கவனியுங்கள். மாடு செத்ததை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கு அவருக்குக் கிடைத்தது ஒரு கதையும், பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்ல ஒரு சிநேகிதனும். காற்றாடிமலையை அவர் தவிர்த்திருக்கலாம், விசுவாசத்தை விட்டிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். சிலுவை என்ற சொல் பொருந்துவது அந்த இரண்டாவதற்கு. உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது முதலாவது வகை.

சரி, வியாதியை இயேசு எப்படிப் பார்த்தார்? நான்கு சுவிசேஷங்களிலும், சுகம் கேட்டு வந்த ஒருவரிடமாவது, "இது உனக்கு நல்லது, வைத்துக்கொள்" என்று அவர் சொன்னதில்லை. 18 வருடம் கூனியாக இருந்த பெண்ணைப் பற்றி, சாத்தான் கட்டியிருந்த ஆபிரகாமின் குமாரத்தி என்றார், அதுவும் ஓய்வுநாளில் சுகமாக்கியதற்காகக் கோபப்பட்ட ஜெப ஆலயத் தலைவனுக்கு முன்னால். அவருக்கு வியாதி ஒரு கட்டு, அவிழ்க்கப்பட வேண்டியது. அதனால் வியாதியோடு போராடுவது, மருந்து எடுப்பது, போகட்டும் என்று கேட்பது எல்லாம் அவர் நின்ற பக்கத்தில் நிற்பதுதான். கொலோசெயர் நிருபத்தில் பவுல் லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார், தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று கை வைத்தியம் எழுதுகிறார், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டு வந்தேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை.

இதுவரை சொன்னதில் நான் உறுதியாக நிற்பேன். இனிமேல் சொல்வதில் தரை அவ்வளவு கெட்டியில்லை. பவுலின் முள். "என் மாம்சத்திலே ஒரு முள்" என்கிறாரே, அது கண்நோயா, காய்ச்சலா, அவரை விரட்டிக்கொண்டிருந்த எதிரிகளா என்று இரண்டாயிரம் வருடமாகப் பேசுகிறார்கள், முடிவு இல்லை. அங்கே பலவீனம் என்று வரும் கிரேக்கச் சொல்லுக்கே வியாதி, பலமின்மை என்று இரண்டு அர்த்தமும் உண்டு. அது வியாதிதான் என்றால், நான் மேலே போட்ட கோடு அவ்வளவு நேராக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைப் பாருங்கள். அந்த முள்ளைச் சாத்தானுடைய தூதன் என்கிறார், அதே மூச்சில் நான் உயர்த்தப்படாதபடிக்குக் கொடுக்கப்பட்டது என்றும் சொல்கிறார், இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார். மூன்று தடவை எடுத்துவிடும் என்று கெஞ்சியிருக்கிறார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் அந்தக் கெஞ்சலுக்குப் பிறகு, கர்த்தரிடமிருந்து நேரே அவருக்கு வந்தது. ஜெபிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஒருநாள் அந்த வார்த்தை உள்ளே கேட்டால், அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். அவர்கள் சார்பில் நாம் சொல்ல முடியாது.

எபிரெயர் 12-இல் வரும் சிட்சையும், அதாவது கண்டித்துத் திருத்துவதும், அப்படித்தான். கர்த்தர் அன்புகூருகிறவனைச் சிட்சிக்கிறார் என்ற வசனத்தை வியாதிப் படுக்கையில் வாசிக்கிற பழக்கம் நம் சபைகளில் உண்டு. அந்த நிருபம் எழுதப்பட்டது, விசுவாசத்துக்காக ஆஸ்தியைக் கொள்ளை கொடுத்து, நிந்தை பட்டு, சோர்ந்து பின்வாங்கும் நிலையில் இருந்த ஒரு சபைக்கு. அதை வியாதிக்கும் நீட்டலாமா என்பதில் நல்ல போதகர்களே வேறுபடுகிறார்கள். என் அபிப்பிராயம், ஒருவர் தன் வியாதியைத் திரும்பிப் பார்த்து அப்படிச் சொல்லலாம், அடுத்தவர் வியாதிக்குச் சொல்லக் கூடாது. கொலோசெயர் 1:24-இல், கிறிஸ்துவின் உபத்திரவங்களில் குறைவானதை என் மாம்சத்தில் நிறைவேற்றுகிறேன் என்று பவுல் எழுதுவது இன்னும் சிக்கல். கத்தோலிக்கர்கள் இதை வைத்து, நோயாளி தன் வேதனையைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்து மற்றவர்களுக்காக ஒப்புக்கொடுக்கலாம் என்று போதிக்கிறார்கள். போப் இரண்டாம் ஜான் பால் 1984 பிப்ரவரி 11 அன்று துன்பத்தின் அர்த்தம் பற்றி ஒரு மடலே எழுதினார். நான் சிஎஸ்ஐ-யில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், வளர்ந்தவன், எனக்கு அந்தப் போதனை முழுதாக ஒத்துவரவில்லை. ஆனாலும் அந்த மடல் தன் கடைசிப் பகுதியில் நல்ல சமாரியனிடம் போய் நிற்கிறது, அடிபட்டுக் கிடப்பவனைக் கடந்து போகாதே என்கிறது. அதை நான் மறுக்க முடியாது.

துன்பத்தால் நன்மை வருமா என்றால், வரும், பார்த்திருக்கிறேன். வராமலும் போகும், அதையும் பார்த்திருக்கிறேன். உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும் உண்டாக்குகிறது என்று ரோமரில் இருப்பதை இயந்திரம்போல எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே வார்டில், ஒரே வியாதியில், ஒருவர் கனிந்து போனார், இன்னொருவர் கல்லாகிப் போனார், கல்லானவர்மேல் எனக்கு இன்றைக்கும் குறை சொல்லத் தோன்றவில்லை. டோனாவூரில் பெண்குழந்தைகளை மீட்டு வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை கிட்டத்தட்ட 20 வருடம் பெரும்பாலும் படுக்கையில் இருந்தார். அவர் ஜெபிக்காதவரா, அவரைச் சுற்றி ஜெபிக்க ஆள் இல்லையா? சுகம் வரவில்லை. படுக்கையிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் 1954-இல் வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அதன்பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவை செய்தார், 1960-களில் உடல் ஊனமுற்றவர்களுக்கான மறுவாழ்வுத் துறையை அங்கே உருவாக்கினார், 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதைக் கேட்டதும், அதற்காகத்தான் கர்த்தர் அந்த விபத்தை நடத்தினார் என்று பிரசங்கத்தில் முடித்துவிடத் தோன்றும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்த விபத்திலிருந்தும் அவர் ஒன்றை எடுத்துக் கட்டினார் என்றுதான் சொல்வேன்.

அவருக்கு அந்த அறுவையைக் கற்றுக்கொடுத்த பால் பிராண்ட் கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனரி பிள்ளை. குஷ்டரோகிகளின் விரல்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் வலி தெரியாமல் சுட்டுக்கொள்வதாலும் வெட்டிக்கொள்வதாலும்தான் என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அதிலிருந்து வலி ஒரு வரம் என்று பேசினார். உண்மைதான், அடுப்பில் கை பட்டால் இழுக்க வைப்பது வலி. ஆனால் எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலி ராத்திரி மூன்று மணிக்கு யாருக்கு என்ன எச்சரிக்கை கொடுக்கிறது? அந்தப் பதிலும் ஒரு இடத்தோடு நின்றுவிடுகிறது. ஏன் இவர்களுக்கு, ஏன் இப்போது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, யோபுவுக்கும் கொடுக்கப்படவில்லை. அவனைப் பற்றிப் பரலோகத்தில் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்குத் தெரியும், 42 அதிகாரம் முடிந்தும் யோபுவுக்குத் தெரியாது.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்கிறேன். ஊழியத்தின் இரண்டாம் வருடம், குழந்தைகள் வார்டில் டெங்குவில் ஒரு பையன் இறந்துபோனான். அவன் அப்பா வராந்தாவில் நின்றார். நான் போய், "தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று ரோமர் 8:28-ஐச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஐயா, அந்த வசனத்த இன்னொரு நாளைக்குச் சொல்லுங்க. இப்ப ஊருக்குக் கொண்டுபோக ஒரு வண்டி பேசிக் குடுங்க" என்றார். வண்டி பேசினேன், முன் சீட்டில் உட்கார்ந்து 70 கிலோமீட்டர் கூடவே போனேன், வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. அந்த வசனத்தை நான் இன்றும் நம்புகிறேன், ஆனால் அன்றைக்குப் பிறகு எந்த வராந்தாவிலும் அதைச் சொன்னதில்லை.

அழுது கேட்பது தப்பா என்றீர்கள். பிடிபட்ட அந்த இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு கேட்டது, "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று. உம்முடைய சித்தத்தின்படி என்பது அதற்குப் பிறகு வருகிறது. நம் ஆட்கள் முதல் பாதியைத் தாண்டி நேரே இரண்டாம் பாதிக்கு ஓடச் சொல்கிறார்கள், அவரே அப்படி ஓடவில்லை. சங்கீதங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருட்டில் முடிகிறது, அதையும் எடுத்துப் போடாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கேள்வி சிலுவையில் இயேசுவின் வாயிலிருந்தே வந்தது. அதனால் நீங்கள் ராத்திரி அழுவது முறுமுறுப்பு ஆகாது, அது ஜெபம்.

வலி மாத்திரை விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வலியைத் தாங்கினால் கிறிஸ்துவின் பாடுகளில் பங்கு என்று நினைத்து மார்ஃபின் வேண்டாம் என்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், கடைசி நாட்களில் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசக்கூட முடியாமல் போனார்கள். துன்பத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் கத்தோலிக்கத் திருச்சபையிலேயே, வலியைக் குறைக்கும் மருந்து எடுப்பது தப்பில்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957-இலேயே மயக்க மருந்து டாக்டர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். சிலுவையில் இயேசு, வலியை மரக்கச்செய்யக் கொடுத்த வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை மறுத்தாரே என்று அம்மா கேட்கலாம். மறுத்தார், அவர் செய்ய வந்த காரியம் வேறு. அவரைப் பின்பற்றுங்கள் என்பதற்கு, தலைவலிக்கு மாத்திரை போடாதீர்கள் என்று அப்போஸ்தலர் யாரும் அர்த்தம் எடுக்கவில்லை. எவ்வளவு, எப்போது என்பதை டாக்டரிடம் கேளுங்கள், வலி நிவாரணப் பிரிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பாவம் என்று சொன்னவர் திரும்ப வந்தால், சண்டை வேண்டாம். வாசலிலேயே, "அம்மா தூங்குறாங்க, இங்கேயே ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்று அனுப்பிவிடுங்கள், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, கீமோ முடிந்தவர்கள் பெரும்பாலும் களைப்பில் படுத்துத்தான் இருப்பார்கள். சபையில் ஏதாவது உதவி செய்யட்டுமா என்று கேட்கிறவர்களிடம் கூச்சப்படாமல் வேலை சொல்லுங்கள், ஒருவர் கஞ்சி கொண்டுவரட்டும், ஒருவர் கீமோ அன்று ஆஸ்பத்திரியில் அப்பாவோடு உட்காரட்டும். அம்மாவுக்கு எபிரெயரை இப்போதைக்கு வாசிக்க வேண்டாம். யோவான் 11-ஐ வாசித்துக் காட்டுங்கள். லாசரு எழுந்திருப்பான் என்று தெரிந்தும், மரியாள் அழுவதைப் பார்த்து, "இயேசு கண்ணீர் விட்டார்" என்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்ல வேண்டாம். அடுத்த கீமோ எந்தத் தேதி என்று மட்டும் இங்கே எழுதுங்கள். பெயர் வேண்டாம், "அந்த அம்மா" என்று சொல்லியே ஜெபித்துக்கொள்கிறேன்.